அழுகண்ணிக்குக் கறி வைக்காதீர்கள்

மழை ஓயும் காலத்தில் மூணாறு, தேவிகுளம் பக்கம் புல்மேடுகளில் நடந்தால், ஈரம் கசியும் பாறை ஓரங்களில் அழுகண்ணிச் செடி கண்ணில் படும். தாவரவியலில் அதற்கு டிரோசீரா என்று பெயர். கவனிக்காவிட்டால் மிதித்துவிடுவோம், அவ்வளவு சின்னது. இலை முடிகளின் நுனியில் மினுங்குவதைப் பனித்துளி என்றே பலரும் நினைக்கிறார்கள். வெயில் ஏறிய பிறகும் அது மினுங்கும். ஏனென்றால் அது பசை. சிற்றெறும்போ கொசுவோ ஒட்டிக்கொண்டால், பக்கத்து முடிகளும் வளைந்து வந்து அமுக்கும். பிறகு அதே முடிகள் நொதிகளைச் சுரந்து பூச்சியைக் கரைத்து, சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் வெறும் கூடுதான் மிஞ்சும்.

பூச்சிதான் இதற்குச் சோறு என்று நினைப்பதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. மற்ற பச்சைச் செடிகளைப் போல இதுவும் வெயிலில்தான் தன் உணவைத் தயாரிக்கிறது. பூச்சியிடமிருந்து எடுப்பது முக்கியமாக நைட்ரஜனும் பாஸ்பரசும். தேயிலைக்கு நாம் உரம் போடுகிறோமே, அந்த வேலையை இங்கே பூச்சி செய்கிறது. மழை சத்தையெல்லாம் அரித்துப்போன மண்ணுக்குப் பழகிய வேர் இது. தொட்டியில் வளர்க்கும்போது சாணமோ யூரியாவோ போட்டால் கருகிவிடும். போர்த் தண்ணீரில் உள்ள உப்பும் ஆகாது, மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

பூச்சி பிடிக்கும் இன்னொரு செடி, ஆன்லைனில் வாங்கும் வீனஸ் ஃப்ளைட்ராப். அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் கரோலினா பகுதி. அதன் இலைப்பொறிக்குள் இருக்கும் முடிகளைச் சுமார் 20 நொடிக்குள் இரண்டு தடவை தொட்டால்தான் அது மூடும். மழைத்துளி விழுந்ததற்கெல்லாம் மூடி வீணாகாமல் இருக்க இந்த ஏற்பாடு. மூடிய பிறகும், உள்ளே பூச்சி துடித்து முடிகளைத் திரும்பத் திரும்பத் தொட்டால்தான் நொதி நன்றாகச் சுரக்கும். கறித்துண்டு துடிக்குமா? பக்கத்து லயத்துப் (எஸ்டேட் வரிசை வீட்டுப்) பையன் ஆசையாகக் கோழிக்கறித் துணுக்கு வைத்தான். கறி அழுகி, பொறியும் கறுத்துப்போனது. விரலை விட்டு விளையாடுவதும் வேண்டாம். ஒரு பொறி சில தடவைதான் மூடித் திறக்கும், அப்புறம் ஓய்ந்துவிடும்.

மூலிகை என்று சொல்லி அழுகண்ணியை மலையிலிருந்து பிடுங்கிப்போகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அங்கேயே குனிந்து உட்கார்ந்து பாருங்கள். அதே ஈரத்தில் ஊதாப் பூவோடு நிற்கும் யூட்ரிகுலேரியாவைச் சாதாரணப் புல்பூ என்று தாண்டிப்போகவும் வேண்டாம். மண்ணுக்கடியில் அதற்குக் கடுகைவிடச் சின்னப் பைகள் உண்டு. வாசலில் உள்ள முடியில் நுண்ணுயிர் பட்டதும், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அதைத் தண்ணீரோடு உள்ளே இழுத்துவிடும்.