பல்கனிச் சாடியில் சங்குப்பூ வளர்ப்போம்

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. எங்களுக்குத் தோட்டம் என்றால் பல்கனியில் இருக்கும் நாலு சாடிதான். புதிதாகச் செடி வைக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது சங்குப்பூ. சங்ககாலத்தில் நீலப் பூவைக் கருவிளை என்றும் வெள்ளையைச் செருவிளை என்றும் பிரித்துச் சொன்னார்கள். கொழும்பில் நாற்று விற்பவரிடம் சிங்களத்தில் ‘நில் கட்டரொலு’ என்று கேளுங்கள், உடனே விளங்கும்.

முதல் வேலை: விதை

காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. வேலியில் இந்தக் கொடி படர்ந்திருக்கும் வீட்டில் நாலு காய்ந்த காய் கேளுங்கள். அவரை, பயறு இனம் என்பதால் காயும் தட்டையான அவரைக்காய் போலத்தான் இருக்கும்.

பலருக்கு இந்த முதல் கட்டமே சரிவருவதில்லை. விதையின் தோல் கல்லுப் போல இறுகியது. தண்ணீர் உள்ளே இறங்காது. முதல் தடவை பத்து விதையை அப்படியே ஊன்றிவிட்டு மூன்று கிழமை காத்திருந்தேன். முளைத்தது இரண்டுதான். இப்போது நகவெட்டியால் ஓரத்தில் மெல்லிய கீறல் போடுகிறேன். சீமெந்துப் படியில் உரசினாலும் போதும். விதையின் ‘கண்’, அதாவது காயோடு ஒட்டியிருந்த தழும்பு, இருக்கும் பக்கத்தைத் தொடாதீர்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவேண்டும். காலையில் வீங்கியதை மட்டும் ஊன்றுங்கள். வீங்காததை இன்னொரு தடவை கீறி ஊறப்போடுங்கள்.

சாடியும் தண்ணீரும்

ஓர் அடி ஆழமுள்ள சாடி, அதில் தோட்டமண், கொம்போஸ்ட், தும்புத்தூள். அரை அங்குல ஆழத்தில் இரண்டு மூன்று விதை. ஒன்று இரண்டு கிழமைக்குள் முளை வரும். வெயில் நன்றாக விழும் பக்கத்தில் வையுங்கள். நிழலில் கொடிதான் நீளும்.

மே மாதத்து மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். சாடியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வேண்டவே வேண்டாம். தட்டில் நிற்கும் தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும். நம் பல்கனியால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாது.

கொடி ஓரடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, கம்பியில் நைலோன் கயிறு கட்டி ஏற்றிவிடுங்கள்.

யூரியா போடாதீர்கள்

பாசத்தில் யூரியா போன்ற நைதரசன் உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும், பூ குறையும். இதன் வேர் முடிச்சுகளில் வாழும் பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது. மாட்டுத் தீவனமாகவும் பசுந்தாட் பசளைப் பயிராகவும் இதை வளர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூ வந்த பிறகு

ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள், காலையிலேயே பறியுங்கள். விட்டால் காயாகி, பூப்பது தளர்ந்துவிடும். எங்கள் வீட்டில் முதல் கை சாமிப் படத்துக்கு, மிச்சம் தேத்தண்ணிக்கு.

எட்டுப் பத்துப் பூவின் பச்சைக் காம்பை நீக்கிக் கொதிநீரில் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். கடும் நீலம் இறங்கும். தேசிக்காய் பிழிந்தால் கண் முன்னாலேயே ஊதாவாக மாறும். புளிப்புப் பட்டதும் பூவின் சாயம் நிறம் மாறுகிறது. சுவை பெரிதாக இல்லை, கொஞ்சம் பச்சைப்பயற்று வாசம். அதனால் இஞ்சியும் தேனும் சேர்ப்பேன். மலேசியாவில் கிளந்தான் பக்கம் இதே சாற்றில் சோறாக்குகிறார்கள். நாசி கெராபு என்று பெயர்.

விதையும் வேரும் பேதியாக்கும், வாயில் வைக்க வேண்டாம். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் பூத் தேத்தண்ணியும் குடிக்கவேண்டாம்.

கொடி முற்றிக் காய்ந்தால் அடியோடு வெட்டுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள். அது மண்ணிலேயே உக்கட்டும். அதே சாடியில் அடுத்து நான் தூவுவது முளைக்கீரை விதை.