வருடத்தில் அதிகம் விற்ற பாட்டு எது? பட்டியலைப் படிப்பது எப்படி

பட்டியலைத் திறந்ததும் முதலிடம் யாருக்கு என்று பார்க்காதீர்கள், எதை எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள். காசு கொடுத்து டவுன்லோட் செய்ததை மட்டுமா, இல்லை ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்தா? பாதிச் சண்டைகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ-வின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2016 முதல் அங்கே 150 ஸ்ட்ரீம் சேர்ந்தால் ஒரு டவுன்லோட் விற்றதற்குச் சமம், அதற்கு முன்பு 100 போதும். ஒரு பாட்டு 30 கோடி முறை ஸ்ட்ரீம் ஆனால், 150-ஆல் வகுத்துப் பாருங்கள், 20 லட்சம் யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு டவுன்லோட் அல்லது அதற்குச் சமமான ஸ்ட்ரீம்கள்) வரும். பிளாட்டினம் என்ற விற்பனைச் சான்றிதழுக்கு 10 லட்சமே போதும் என்பதால் ஒருவர்கூட வாங்காமலேயே அது இரட்டை பிளாட்டினம் ஆகிவிடலாம்! அதனால் ‘விற்பனை’ என்ற சொல்லைக் கண்டால் கொஞ்சம் உஷார்.

அப்புறம் வெளியான தேதி. 2017-இல் உலக அளவில் முதலிடம் பிடித்த எட் ஷீரனின் ‘ஷேப் ஆஃப் யூ’ ஜனவரி 6-ஆம் தேதியே வந்துவிட்டது, ஏறக்குறைய முழு வருடமும் அதன் கையில். உலக இசைப்பதிவு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ சொன்ன 2.66 கோடி யூனிட்டும் டவுன்லோட், ஸ்ட்ரீமிங் இரண்டும் கலந்ததுதான். நவம்பரில் வரும் பாட்டுக்கு இந்த வசதி இல்லை, அதன் எண்ணிக்கை இரண்டு வருடங்களுக்குப் பிரிந்துபோகும். அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் பட்டியல் இன்னும் மோசம், அதன் ‘வருடம்’ டிசம்பர் 31 வரை போவதே இல்லை.

ஒப்பிட வேண்டுமா? சரி, ஒரே அமைப்பு, ஒரே விதி இருந்த வருடங்களை மட்டும் பக்கத்தில் வையுங்கள். 2010-இன் டவுன்லோடையும் இன்றைய யூனிட்டையும் ஒரே தராசில் போடவே கூடாது.