போர்டு அசெம்பிளிய வெளிய குடுக்கறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

கோயம்புத்தூர்ல மோட்டர் பம்ப்புக்கு மொபைல் ஸ்டார்ட்டர் பண்றோம்ங்க, தோட்டத்துக்காரரு வீட்ல இருந்தே போன் போட்டு மோட்டர ஓட்டுவாரே, அந்த சாமான். மொத 200 பீஸ் நாங்களே உக்காந்து சால்டர் வச்சோம், அப்பறம் ஆர்டர் ஏறவும் போர்டு அசெம்பிளிய, அதாவது சர்க்யூட் போர்டுல பார்ட்ஸ வச்சு சால்டர் பண்ற வேலைய மட்டும், கூலிக்கு செஞ்சு குடுக்கற ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு குடுத்தோம். அதுல வாங்குன அடிதான் இது.

ரேட்ட மட்டும் பாத்து ஆளப் புடிக்கறதுலயே தப்பு ஆரம்பிச்சிருது. போர்டுக்கு 45 ரூவா சொன்னவர விட்டுட்டு 38 சொன்னவர்கிட்ட போனோம். அந்த 38ல டெஸ்டிங் சேருமா, கோட்டிங் சேருமா, பார்ட்ஸ் வீணாப்போனா யாரு தலைல விழும், ஒண்ணும் கேக்கல.

கோட்டிங்தான் எங்கள கவுத்துச்சு. நாங்க செய்யறப்ப டெஸ்ட் முடிஞ்ச போர்டு மேல ஈரம் ஏறாம இருக்க பிரஷ்ல ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சுருவோம், அது கைப்பழக்கம், எந்த பேப்பர்லயும் எழுதி வச்சதில்ல. அவங்க அடிக்காமயே 500 போர்டு குடுத்தாங்க, எல்லாம் ஓடுச்சு, வித்தாச்சு. ஐப்பசி மழை முடியறதுக்குள்ள பொள்ளாச்சி பக்கமிருந்து போன் மேல போன், மோட்டர் தானா நிக்குதுன்னு. நேர்ல போய் பேனல தொறந்தா உள்ள எறும்புப் புத்து, பல்லிப் புழுக்கை, ரிலே (கரண்டால வேல செய்யற சுவிட்ச்) கால்ல பச்சையா களிம்பு. அவங்கள என்னன்னு திட்டறது, எழுதாத வேலைய செய்யலன்னா?

பார்ட்ஸ் லிஸ்ட்டும் அப்படித்தாங்க. அவங்களையே பார்ட்ஸ் வாங்கிப் போடச் சொல்றதா இருந்தா வெறும் 1000 மைக்ரோஃபேரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர்னு எழுதாதீங்க. மேக் என்ன, தாங்கற சூடு 105 டிகிரியா 85 டிகிரியா, எல்லாம் எழுதணும், இல்லன்னா வெல கம்மியானதுதான் வந்து உக்காரும். சித்திர வெயில்ல தகரப் பேனலுக்குள்ள சூடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், 10 டிகிரி ஏறுனா கெப்பாசிட்டர் ஆயுசு பாதியாயிரும்னு ஒரு கணக்கு உண்டு.

நாமளே பார்ட்ஸ் குடுத்தா வேற வம்பு. 1000 போர்டுக்கு 1000 ரெசிஸ்டர்னு எண்ணி அனுப்பக்கூடாது, பார்ட்ஸ் ஒட்டி வர்ற டேப்ப மெஷின்ல கோக்கறதுக்கே கொஞ்சம் போயிரும். ஆனா வெல கூடுன மாட்யூல் ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வேணும். அதுக்காக நான் பண்ணாப்ல ஈரம் படாத சீல் பைய பிரிச்சு எண்ணி ரெண்டு வாரம் அலமாரில வச்சுறாதீங்க, ஈரத்த இழுத்துக்கிட்டா சால்டர் உருக்கற ஓவன் சூட்டுல உள்ளயே விரிசல் விட்ரும்.

சாம்பிள் நல்லா இருந்துச்சுன்னு ஃபுல் லாட்டுக்கு ஓகே சொல்றது இன்னொண்ணு. சாம்பிள செய்யறது அங்கிருக்கற கெட்டிக்காரர், லாட்ட செய்யறது போன வாரம் சேந்த பசங்க. அதனால லைன்ல வர்ற மொத 10 பீஸ நேர்ல போய் பாருங்க, டெஸ்ட் ஜிக்கையும் (போர்ட வச்சு சோதிக்கற சாமான்) நாமளே செஞ்சு குடுக்கறது நல்லது. சாஃப்ட்வேர்ல லாக் போட்ட ஃபைல் மட்டும் குடுங்க, சோர்ஸ் கோட் வேண்டாம்.

ஜிஎஸ்டில டெலிவரி சலான் இல்லாம சரக்க அனுப்பாதீங்க. ஜாப் ஒர்க்குக்கு போன மெட்டீரியல் 1 வருசத்துக்குள்ள திரும்பணும், இல்லன்னா அனுப்புன தேதிலயே வித்த மாதிரி கணக்காகி வட்டியோட வரி வரும். ஜாப் ஒர்க்குக்கு போய் வந்த சரக்குக் கணக்கு காட்டற ஐடிசி-04 ஃபார்ம் வேற இருக்கு, 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர்னா அரை வருசத்துக்கு ஒண்ணு, இல்லன்னா வருசத்துக்கு ஒண்ணு. அவங்க சிறு, குறுந்தொழில்னு பதிவு பண்ணுன யூனிட்டா இருந்தா பில்ல ஒப்பந்தத்துல எழுதுன கெடுவுக்கு மேல இழுக்காதீங்க, அது 45 நாளத் தாண்டக்கூடாது, எழுத்துல ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள்தான், 2023-24லருந்து அப்படி பாக்கி வச்ச பணத்த குடுக்கற வருசத்துலதான் வருமான வரில செலவா காட்ட முடியும்.

அப்பறம் ஸ்டென்சில் (போர்டுல சால்டர் பேஸ்ட் தடவற ஓட்டைத் தகடு), ஜிக் இதெல்லாம் யாரு சொத்துன்னு மொதல்லயே எழுதி வாங்கிருங்க. காசு குடுத்தது நாங்க, ஆனா யூனிட் மாத்தி ஏழு மாசமாச்சு, ஸ்டென்சில் இன்னும் பழைய எடத்துலதான் கெடக்கு, கேட்டா தேடிட்டு இருக்கோம்ங்கறாங்க.