பழைய வெல்டிங் மெஷின் வாங்கி வீட்டு ஷெட்ல பத்த வைக்கப் போறீங்களா, இதப் படிச்சிட்டு போங்க

முதல்லயே சொல்லிடுறேன், மெஷின் பழசா இருந்தா ஒண்ணும் குத்தமில்ல. ஆனா கண்ணாடி, கிளவுஸ், கேபிள், வீட்டு லைன் இந்த நாலும் பழசு வேண்டவே வேண்டாம். நிறைய பேரு இத தலைகீழா பண்றாக, மெஷின் நல்ல கம்பெனியான்னு பத்து பேருகிட்ட விசாரிச்சு வாங்கிட்டு வந்து, ராடு பிடிக்கிற ஹோல்டருக்கு இன்சுலேசன் டேப்ப சுத்தி, சமையக்கட்டு மிக்ஸி ஓடுற பிளக்ல சொருகிடுறாக.

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பழைய இரும்புக் கடையிலயோ மூடுன பட்டறையிலயோ உங்களுக்கு ரெண்டு ரகம் கிடைக்கும். ஒண்ணு சக்கரம் வச்ச டிரான்ஸ்பார்மர் மெஷின், சிலதுல உள்ள ஆயில் ஊத்தியிருக்கும், தூக்க ரெண்டு மூணு ஆளு வேணும். அது சாகவே சாகாது, செத்தாலும் வைண்டிங் கடைக்காரர் உயிர் குடுத்துருவாரு, விலையும் கம்மியா சொல்லுவாங்க, அதுல மயங்கிறாதீங்க. பட்டறையில ஓடுன பழைய மெஷின்ல நிறைய ரெண்டு பேஸ் 415 வோல்ட்டுக்குக் கட்டுனது, வீட்டு சிங்கிள் பேஸ் 230-ல போட்டா ஆர்க்கே, அதாவது ராடு நுனியில எரியிற நெருப்பே, ஒழுங்கா பிடிக்காது. மெஷின் மேல தகரத்துல அடிச்ச பிளேட் இருக்கும், பெயிண்ட சுரண்டிப் பாருங்க, அதுல எழுதியிருக்கும். சிங்கிள் பேஸ் டிரான்ஸ்பார்மரே கிடைச்சாலும் நீங்க ராடை வச்சதும் வீட்ல ஃபேன் சுத்துறது கொறையும், பக்கத்து வீட்ல இருந்து ஆள் வரும். ரெண்டாவது ரகம் எலக்ட்ரானிக் போர்டு வச்ச இன்வெர்ட்டர் மெஷின். வீட்டுக்குன்னா 200 ஆம்ப் இன்வெர்ட்டர்தான் என் கட்சி, ஒரு கையில தூக்கிட்டுப் போயிறலாம், டிசி குடுக்கும், புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஆர்க்கும் சொன்ன பேச்ச கேக்கும்.

புது மெஷின் என்ன விலைன்னு மொபைல்ல பாத்து வச்சிட்டு அப்பறம் பேரம் பேசுங்க, பாதி விலைக்கு மேல பழசுக்குக் குடுக்கிறது வீண். கடைக்கு வெறுங்கையோட போகாதீங்க, 3.15 எம்எம் ராடு நாலஞ்சும் ரெண்டு இரும்புத் துண்டும், கண்ணாடியும் கையோட கொண்டு போங்க. "அண்ணே, ஓட்டிப் பாத்துத்தான் எடுப்பேன்"னு சொல்லுங்க, ஓட்ட விடலன்னா அந்தக் கடைய விட்டுட்டு வந்துருங்க. ஆன் பண்ணதும் ஃபேன் சுத்துற சத்தத்தக் கேளுங்க, தேய்ஞ்ச சத்தம் வந்தா ஃபேன் மாத்தணும், அது சின்ன செலவுதான். 110 ஆம்ப்ல வச்சு ஒரு ராடு முழுசா, அப்பறம் உடனே இன்னொண்ணு முழுசா எரிச்சுப் பாருங்க, சூடானப்பறம்தான் மெஷினோட உண்மை வெளிய வரும். நடுவுல ஆர்க் செத்துச் செத்துப் போனாலோ, சூடு ஏறிருச்சுன்னு காட்டுற மஞ்ச லைட் எரிஞ்சு நின்னாலோ, கருகுன வாடை அடிச்சாலோ காச திருப்பி பாக்கெட்ல வைங்க. கேபிள் சொருகுற ரெண்டு சாக்கெட்டும் கருகி இளகியிருக்கான்னு விரல விட்டுப் பாக்காம டார்ச் அடிச்சுப் பாருங்க. மேல் மூடியோட ஸ்க்ரூ மரை தேய்ஞ்சிருந்தா மெஷின பலதடவ பிரிச்சிருக்காகன்னு அர்த்தம், அப்ப விலைய இன்னும் இறக்கச் சொல்லலாம்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் உள்ள இருக்கிற தூசிய ப்ளோயர் வச்சு ஊதணும், நம்ம ஊரு செம்மண் தூசியும் கிரைண்டர் பொடியும் சேந்து போர்டு மேல படிஞ்சா ஷார்ட் ஆகும், செத்த பல்லி எடுத்த கதையெல்லாம் ரிப்பேர்காரங்ககிட்ட கேட்டா சொல்லுவாக. ஒண்ணு கவனம், பிளக்க பிடுங்குன உடனே மூடிய திறக்காதீங்க. உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல கரண்ட் தேங்கி நிக்கும், தொட்டா ஆளத் தூக்கி எறியும். எலக்ட்ரானிக்ஸ் பழக்கமில்லாதவங்க திறக்காம வெளிய இருந்து ஃபேன் ஓட்டை வழியா ஊதுனாலே போதும்.

இப்ப லைன். இதுலதான் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், ஏன்னா செட்டிநாட்டுப் பழைய வீடுகள்ல வயரிங் மரப்பட்டியில ஓடுனது, பல வீட்ல எர்த் வயரே கெடையாது, பாக்க பிளக்ல மூணு ஓட்டை இருக்கும் ஆனா பின்னால ரெண்டு வயருதான். 110 ஆம்ப்ல பத்த வைக்கும்போது இன்வெர்ட்டர் மெஷின் லைன்ல இருந்து சுமாரா 20 ஆம்ப் இழுக்கும், 2.5 ராடுக்கு 80, 90-ல வச்சா 15 ஆம்ப் பக்கம். அதனால மெயின் போர்டுல இருந்து ஷெட்டுக்குத் தனியா 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் இழுத்து, 32 ஆம்ப் சாக்கெட், அந்த வயருக்கு ஏத்த சி டைப் எம்சிபி, கூட கரண்ட் கசிஞ்சா லைன தானா வெட்டுற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணு போடச் சொல்லுங்க, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் வேலை இது. எர்த் குழியும் புதுசா எடுத்துருங்க, உப்பும் கரியும் போட்டு. சரளை மண்ணு சித்திரை வைகாசியில காஞ்சு கெடக்கும்போது எர்த் இருந்தும் இல்லாத கணக்குதான், அதனால குழாயடித் தண்ணி ஓடுற பக்கமா குழி வச்சா தானா ஈரம் நிக்கும், இல்லன்னா வாரத்துக்கு ஒருக்க ஒரு குடம் ஊத்துங்க. எக்ஸ்டென்சன் பாக்ஸ் போட்டே ஆகணும்னா வயர முழுசா பிரிச்சு விடுங்க, சுருட்டி வச்சபடியே ஓட்டுனா உருகிரும்.

வாங்க வேண்டிய சாமான்: 25 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள், முழுசா இன்சுலேசன் உள்ள ஹோல்டர், பித்தளை எர்த் கிளாம்ப், தோல் கிளவுஸ், சிப்பிங் சுத்தியல், வயர் பிரஷ். கண்ணாடிக்கு கையில பிடிக்கிற பலகை வேண்டாம், தலையில மாட்டுற ஹெல்மெட் வாங்குங்க, தானா இருட்டாகிறது இப்ப கட்டுபடியாகிற விலைக்கு வந்துருச்சு. 80 ஆம்புக்கு மேல 11-ம் நம்பர் ஷேடு, அதுக்குக் கீழ 10. சட்டை முழுக்கை காட்டன், பாலியஸ்டர்ல பொறி பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும். லுங்கியும் செருப்பும் போட்டு பத்த வைக்கிறத நம்ம ஊர்ல தினமும் பாக்குறோம், அவுக கால்ல இருக்கிற தழும்பையும் சேத்துப் பாருங்க.

இடம். நம்ம வீடுகள்ல கார் ஷெட் பெரும்பாலும் பின்கட்டத் தாண்டி பின் தெருப் பக்கம் இருக்கும், அது ரொம்ப நல்லது, காத்து வரும், தார்ச் சாலைக்குக் கதவத் திறந்து வைக்கலாம். அத்தாங்குடி கல்லு போட்ட தரையில மட்டும் வேணாம், சிமெண்ட்ல செஞ்ச கல்லு அது, பொறி பட்ட இடம் குழி விழுந்து கறுத்துரும், தேங்காண்ணெய் போட்டுத் தேச்சாலும் போகாது, ஆச்சி கண்ணுல பட்டுச்சுன்னா மெஷினே வெளிய போயிரும். ஷெட்ல பழைய மரக் கதவு, தேக்குச் சட்டம், வைக்கோல், பெயிண்ட் டின், தின்னர், பெட்ரோல் கேன் கெடந்தா மொதல்ல அத அப்புறப்படுத்துங்க. ஒரு வாளி தண்ணியும் ஒரு வாளி மணலும் பக்கத்துல. வேலை முடிஞ்சதும் உடனே பூட்டிட்டு சாப்பிடப் போகாம அரை மணி நேரம் அங்கனயே இருங்க, இடுக்குல விழுந்த பொறி மெதுவாத்தான் பத்தும்.

ராடு 6013 வாங்குங்க, வேற எதுவும் இப்ப வேணாம். 2.5 எம்எம் ஒரு பாக்கெட், 3.15 ஒரு பாக்கெட். 2.5-க்கு 60ல இருந்து 90 ஆம்ப், 3.15-க்கு 90ல இருந்து 130, பாக்கெட் மேலயே அச்சடிச்சிருக்கும். 7018 நல்ல ராடுதான் ஆனா அத ராடு ஓவன்ல வச்சுக் காயவச்சு சூடா எடுக்கணும், அது பட்டறை வேலை. ஐப்பசி கார்த்திகை மழையில 6013-யும் ஈரம் இழுக்கும், மூடி இறுக்கமான பலகார டின் ஒண்ணு கேட்டு வாங்கி அதுல போட்டு வைங்க, நமத்துப் போன ராடு சடசடன்னு தெறிக்கும், வெல்டுல ஓட்டை விழும்.

ஹோல்டர் கேபிள பிளஸ்லயும் எர்த் கிளாம்ப் கேபிள மைனஸ்லயும் மாட்டுங்க, தகரம் மெலிசா இருந்தா மாத்திப் போடலாம், 6013 ரெண்டுலயும் ஓடும். எர்த் கிளாம்ப் நீங்க பத்த வைக்கிற இரும்பு மேலயே, துரு பெயிண்ட் இல்லாத இடமா கிரைண்டர் போட்டுட்டு மாட்டணும். கதவு நிலையிலயோ ஜன்னல் கம்பியிலயோ எங்கயோ தூரத்துல மாட்டுனா கரண்ட் தனக்குப் பிடிச்ச வழியில சுத்தி வரும். பைக், கார்ல வேலைன்னா பேட்டரி வயர கழட்டிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

பழகுறதுக்கு ஃபேப்ரிகேசன் கடையில 5, 6 எம்எம் பட்டைத் துண்டு கிலோ கணக்குல வாங்கிக்கங்க. ஆசைப்பட்டு ஸ்கொயர் டியூப் எடுக்காதீங்க, சுவர் மெலிசு, வச்ச உடனே ஓட்டை விழும், மனசும் விட்டுரும். 3.15 ராடு, 110 ஆம்ப். ராடு நுனிய இரும்பு மேல லேசா உரசி உடனே தூக்கணும், தூக்குற அளவு ராடு கம்பி கனம்தான், மூணு எம்எம். அதிகம் தூக்குனா தெறிக்கும், ஆர்க் சாகும், இறக்குனா ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா இழுத்துக்கிட்டு நிக்காம ஒரு முறுக்கு முறுக்குங்க, வரலன்னா ஹோல்டர் கைப்பிடிய அழுத்தி ராட விட்டுருங்க, ராடு இரும்புலயே நிக்கட்டும், மெஷினும் ராடும் சூடாகாம தப்பிக்கும்.

ராட நீங்க போற திசைப் பக்கம் கொஞ்சம் சாச்சுப் பிடிங்க, 10, 15 டிகிரி போதும், நுனிய பின்னால இழுத்துட்டுப் போற கணக்கு. கண்ணு நெருப்புல இருக்கக் கூடாது, நெருப்புக்குப் பின்னால உருகி நிக்கிற குட்டையில இருக்கணும், அது எவ்வளவு அகலத்துல நிக்குதோ அதே அகலத்த கடைசி வரைக்கும் காப்பாத்துறதுதான் மொத்த வித்தையும். காத கூர்மையாக்கிக்கங்க, வெள்ளைப் பணியாரம் எண்ணெயில வேகுற சத்தம் விடாம வந்தா ஆம்பும் இடைவெளியும் சரி. ராடு எரிய எரிய நீளம் கொறையுது, அதனால முன்னால போற கையே கொஞ்சம் கொஞ்சமா கீழயும் இறங்கணும், புதுசா கத்துக்கிற எல்லாருக்கும் இங்கதான் ஆர்க் நீண்டு போகும்.

ஆறுனதும் வெல்டு மேல ஓடு மாதிரி படிஞ்சிருக்கிற ஸ்லாக்க தட்டிப் பாருங்க, தட்டும்போது கண்ணுக்கு வெள்ளைக் கண்ணாடி போடணும், அது சூடா கண்ணாடிச் சில்லாத் தெறிக்கும். ஒரே தட்டுல ஸ்லாக் பெரிய துண்டா எழும்புனா நல்லா வந்திருக்கு. பட்டை மேல உருண்டையா ஏறி நின்னு ஓரத்துல ஒட்டாம இருந்தா ஆம்ப் பத்தல. தட்டையா பரந்து ரெண்டு ஓரமும் அரிச்ச கோடு விழுந்திருந்தா ஆம்ப் அதிகம். மேல இருக்கிற அலை வளைவா இல்லாம ஊசி முனையா நீண்டிருந்தா கை வேகம். கோடு சரியா வந்தப்பறம் ரெண்டு பட்டைய எல் வடிவத்துல நிறுத்தி மூலை பத்த வச்சுப் பழகுங்க. எது பண்ணாலும் முதல்ல ரெண்டு முனையிலயும் டாக் அடிங்க, அதாவது சின்னதா ஒரு பொட்டு வெல்டு வைங்க, இல்லன்னா சூட்டுல ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு மூலைமட்டத்துக்கு நிக்காது. பத்த வச்சத வைஸ்ல பிடிச்சு சுத்தியலால மடக்கி உடைச்சுப் பாருங்க, உள்ள கறுப்பா ஸ்லாக் மாட்டியிருந்தா பளபளப்ப நம்பிப் பிரயோசனமில்ல.

நம்ம ஊர்ல இருக்கிறவங்களுக்கு கை துறுதுறுன்னு இருக்கும், ஏன்னா வீட்ல பழைய கிரில், கட்டில், தூண்னு உடைஞ்ச இரும்பு ஏகப்பட்டது கெடக்கும். கை வைக்கிறதுக்கு முன்னால அது வார்ப்பிரும்பா, அடிச்ச இரும்பான்னு பாருங்க. ஓரமா கிரைண்டர் வைங்க, பொறி நீளமா வெளிச்சமா பறந்தா சாதா இரும்பு, கட்டையா செவப்பா கிட்டயே செத்துப் போனா வார்ப்பு. பூ வேலை செஞ்ச பழைய தூண், பெரும்பாலும் வார்ப்புதான். அதுல 6013 வச்சா ஒட்டுனாப்ல தெரியும், ஆறும்போது டிக்குன்னு ஒரு சத்தம், பக்கத்துலயே புது விரிசல். அதுக்கு நிக்கல் ராடு வேணும், அதுவும் ஒரு இஞ்ச் ஒரு இஞ்ச்சா வச்சு தட்டித் தட்டி, கடைசியில சாம்பலுக்குள்ள புதைச்சு மெதுவா ஆற விடணும். முன்னோர் சொத்துல கத்துக்க வேணாம், அனுபவப்பட்டவங்ககிட்ட குடுத்துருங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், வெல்டு பக்கத்துல உள்ளத மாஸ்க் போட்டு ரிமூவர் தடவி ஈரமாவே சுரண்டி எடுத்துட்டு, ரிமூவரையும் நல்லாக் கழுவிக் காயவிட்டு பத்த வைங்க.

துத்தநாகம் பூசுன ஜிஐ பைப் பத்த வச்சா வெள்ளைப் புகை வரும், அந்தத் துத்தநாகப் புகையாலதான் ராத்திரி குளிர் காய்ச்சல் வந்து போட்டு வாங்கும். பால் குடிச்சா சரியாகும்கிறது பட்டறை நம்பிக்கை, புகைய சுவாசிக்காம இருக்கிறதுதான் வழி, ஓரத்துல பூச்ச அரைச்சு எடுத்துட்டு வெட்டவெளியில காத்துக்கு முதுகு காட்டாம பக்கவாட்டுல நின்னு செய்ங்க. மூடுன டிரம், பெட்ரோல் டேங்க், காலி தின்னர் டின் பக்கம் போகவே கூடாது, காலின்னு நெனைக்கிறதுதான் வெடிக்கும். பிரேக் கிளீனர் அடிச்ச இரும்பையும் பத்த வைக்காதீங்க, அதுல குளோரின் சேந்த ரகம் இருந்தா வர்ற புகை விஷம்.

கண்ணாடி இல்லாம நெருப்பப் பாத்துட்டா உடனே ஒண்ணும் தெரியாது, ஆறேழு மணி நேரம் கழிச்சு நடுராத்திரியில கண் உறுத்தி தண்ணியாக் கொட்டும். உருளைக்கிழங்கு வைக்கிறது, தாய்ப்பால் விடுறது எல்லாம் வேணாம், மெடிக்கல்ல மரத்துப்போற சொட்டு மருந்து நீங்களா வாங்கி ஊத்துறது அதவிட மோசம், விடிஞ்சதும் கண் டாக்டர்கிட்ட போங்க. வேடிக்கை பாக்க வர்ற பிள்ளைகளுக்கும் இதே கதிதான், பாக்கவிடாம தட்டியோ தார்ப்பாயோ கட்டிருங்க.

முதல் வேலையா பூந்தொட்டி ஸ்டாண்டு, குடம் வைக்கிற ஸ்டாண்டு, ஷெட்டுக்கு ஒரு மேஜை செய்ங்க. ஊஞ்சல் கொக்கி, மாடிப்படி, பால்கனி கம்பி, டிரெய்லர் கொக்கி, இதெல்லாம் ஆள் உயிரு தொங்குற வேலை, அதுக்கு ஐடிஐல ஒரு வருஷம் வெல்டர் டிரேடு படிச்சு கை பழகுனவங்க இருக்காக. செஞ்சது எதுவா இருந்தாலும் ஸ்லாக் சுத்தமா எடுத்து, வயர் பிரஷ் போட்டு, அன்னைக்கே ரெட் ஆக்சைடு அடிச்சிருங்க, துருப்பிடிக்கிறதையும் ஆராய்ச்சி பண்ற, 1953-ல திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நம்ம காரைக்குடியில இருந்தும் நம்ம கேட்டுங்க துருப்பிடிச்சுத்தான் நிக்குது. தெருவுல நாலு பேரு ஸ்டாண்டப் பாத்துட்டு காசு குடுத்து செய்யச் சொன்னா, வீட்டு சர்வீஸ்ல தொழில் பண்ணக் கூடாது, ஈபி ஆபீஸ்ல கேட்டு அதுக்குத் தனியா சர்வீஸ் வாங்கிட்டு ஆரம்பிங்க.