ஏரிக்குக் காவலர் யார்? சங்கங்கள் சேர்ந்து தண்ணீர் நிர்வாகத்தைத் தணிக்கை செய்ய ஒரு வழி

பெங்களூரில் பெலந்தூர், வர்த்தூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஏரித் தண்ணீர் கெட்டுப்போனதைச் சொல்ல லேப் தேவையில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். தெரியாத விஷயம் வேறு: ஏரியில் கலக்கும் சாக்கடை எந்த ஆபீஸின் ஃபைலில் இருக்கிறது? தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். அதனால்தான் சங்கங்கள் சேர்ந்து கேட்க வேண்டும் என்கிறேன். நான் வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், சொந்த ஊர் ஓசூர் பக்கம். எனவே இங்கே மேல்மடையின் தப்பும் தெரியும், அங்கே கடைமடையின் கஷ்டமும் தெரியும்.

முதலில் எல்லையைப் போடுங்கள். வார்டு எல்லை வேண்டாம். 2007இல் 110 கிராமங்களைச் சேர்த்து மாநகராட்சியைப் பெரிதாக்கினார்கள், 2025இல் அதை ஐந்தாக உடைத்தார்கள். தண்ணீருக்கு இதெல்லாம் தெரியாது. பெலந்தூர் நிரம்பி வர்த்தூருக்குப் போகிறது, அங்கிருந்து தென்பெண்ணைக்கு, அப்புறம் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு. மழைக்காலத்தில் அணையில் நுரை பொங்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் ராஜகாலுவே, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய், எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதுதான் உங்கள் எல்லை.

கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது? பேசத் தெரிந்தவர்களைவிடக் கையில் காகிதம் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். அபார்ட்மென்ட் சங்கத்திடம் டேங்கர் பில்லும் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலை) லாக்புக்கும் இருக்கும். பழைய குடியிருப்பில் இருக்கும் அக்காமார்களுக்கு எந்தக் குழாய் எங்கே திறக்கிறது என்று அத்துப்படி. அணைக்குக் கீழே பாசனம் செய்பவர்கள் இரண்டு பேராவது வரட்டும், கூடவே ஒரு கல்லூரி வேதியியல் துறை, ஒரு வக்கீல். கட்சிக்காரர்களை முதல் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். இரண்டாவதுக்கு அவர்களே வந்துவிடுவார்கள்.

ஆபீஸ்களைக் கேள்வி கேட்பதற்கு முன் உட்கார்ந்திருப்பவர்களின் கணக்கைப் பாருங்கள். இதில்தான் பாதிச் சங்கங்கள் நழுவும். 200 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 1,08,000 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வைக்கும் கணக்கு, அதாவது சுமார் 86,000 லிட்டர். காவிரி, போர்வெல், டேங்கர் மூன்றையும் கூட்டினால் இந்த அளவுக்குத்தான் தண்ணீர் வாங்குகிறீர்கள் என்று தெரிகிறது, எஸ்டிபி புத்தகத்திலோ 40,000தான் இருக்கிறது என்றால் மீதி எங்கே போனது? ராஜகாலுவேயில்தான். இன்னும் சில தணிக்கைத் தந்திரங்கள்: மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே எண்கள் என்றால் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது. ஆலைத் தொட்டிக்குள் காற்றடிக்கும் பிளோயருக்குத் தனி மீட்டர் இருந்தால் அதைப் பாருங்கள், கரண்ட் பில்லைக் குறைக்க ராத்திரியில் நிறுத்தும் வழக்கம் உண்டு. கசடு எடுத்துப்போன ரசீது வருஷக்கணக்காக இல்லையென்றால் அந்த ஆலை வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இதை ஒப்புக்கொள்ளும் சங்கத்தைத்தான் நான் நம்புவேன்.

அடுத்தது அட்டவணை. என்ன வேலை, சட்டப்படி யாருடையது, நடைமுறையில் யார் செய்கிறார், ஆதாரக் காகிதம் எது, கடைசியாக நடந்த தேதி என்ன: இந்த ஐந்து கட்டம் போதும். கழிவுநீர் வேலை குடிநீர் வாரியத்துடையது, மழைநீர்க் கால்வாய் மாநகராட்சியுடையது, பெலந்தூர், வர்த்தூர் சீரமைப்பை எடுத்தது பிடிஏ (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்), தண்ணீரைச் சோதிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆக்கிரமிப்பு சர்வே வருவாய்த் துறை. கால்வாயில் சாக்கடை ஓடினால் முதல் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்துவிடும். ஒரே வேலைக்கு இரண்டு பெயர் வரும் வரிசையையும் பெயரே இல்லாத வரிசையையும் சிவப்பில் குறியுங்கள். வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2015இல் நீர் நிர்வாகத்துக்குப் பன்னிரண்டு கொள்கைகள் வெளியிட்டது. அவ்வளவும் நமக்குத் தேவைப்படாது. பொறுப்பு தெளிவா, பணம் ஒதுக்கினார்களா, தகவல் வெளியே வருகிறதா, பாதிக்கப்பட்டவரைக் கேட்டார்களா என்று நான்கை எடுத்துக்கொண்டு சிவப்பு, மஞ்சள், பச்சை போடுங்கள். காகிதம் இல்லாமல் எந்த நிறமும் கூடாது. மேல்மடை பச்சை, கடைமடை சிவப்பு என்று கருத்து பிரிந்தால் இரண்டையும் அப்படியே விடுங்கள், சராசரி போட்டு மஞ்சளாக்காதீர்கள்.

காகிதம் கிடைக்கத் தகவல் அறியும் உரிமை மனு, பத்து ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். அதனால் சங்கங்கள் ஆளுக்கொரு கேள்வியாகப் பிரித்துப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பலருக்குத் தெரியாதது: பணியை நேரில் பார்வையிடவும், சான்றளித்த மாதிரி எடுக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது.

தண்ணீர்ச் சோதனை சுருக்கமாக. கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டும் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நம்பி முடிவு சொல்லாதீர்கள், அது நைட்ரேட்டையும் காட்டாது, மலக் கிருமியான ஈ.கோலையையும் காட்டாது. மேலிருந்து கீழ்வரை ஒரே நாளில், மழை இல்லாத காலையில் எடுங்கள். கிருமிச் சோதனைக்கு லேப் தரும் கிருமி நீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டி, அன்றே லேபில் சேர்ப்பது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபாக இருக்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியைக் கூப்பிட்டு ஒரே வாளியிலிருந்து இரண்டு பாட்டில் நிரப்பினால் பிறகு சண்டை வராது. வாரியம் ஏரிகளை ஏ முதல் இ வரை தரம் பிரிக்கிறது. டி என்றால் மீனுக்கு ஆகும், இ என்றால் பாசனத்துக்கும் தொழிற்சாலைக் குளிர்விப்புக்கும். செலவை அபார்ட்மென்ட்கள் ஏற்கட்டும். கீழே நுரையை வாங்கிக்கொள்பவரிடம் லேப் பில்லையும் நீட்டுவது நியாயமில்லை.

கடைசியில் ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒரே ஒரு கோரிக்கை, ஒரு பக்கம், கன்னடத்தில். எல்லாச் சங்கமும் கையெழுத்துப் போட்டு, தேதியோடு முத்திரை வாங்கி வாருங்கள். அட்டவணையை மழைக்கு முன்னும் பின்னும் புதுப்பியுங்கள். எதுவும் அசையவில்லையென்றால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. பெலந்தூரில் தீப்பிடித்த விவகாரத்தை 2017இல் அது தானாகவே எடுத்தது. கர்நாடகம் சென்னை அமர்வின் எல்லைக்குள் வருகிறது, ஓசூர்க்காரர்களும் சேர்ந்தே போகலாம். ஆனால் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், அதற்கு மேல் 60 நாள் வரைதான் சலுகை. அதனால் அட்டவணையில் தேதிக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.