தெருவிளக்குப் புகார் தீராமலே மூடப்பட்டால் - என் அனுபவம்

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய எங்கள் தெருவில் பொழுது சாய்ந்தால் ஒரு வரிசை விளக்கு முழுவதும் எரியவில்லை, அந்த இருட்டில் வண்டிகளில் பெட்ரோல் திருட்டு வேறு ஆரம்பித்துவிட்டது. விளக்கு பற்றி மாநகராட்சியில் புகார் கொடுத்தேன். சரிசெய்யப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது, தெரு அப்படியேதான் இருந்தது. கம்ப எண்களைக் குறித்து, படத்தோடு மறுபடி கொடுத்தேன், அதே பதில். வார்டில் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் ஏரியா சபாவில் பேசலாம் என்றால் அடுத்த கூட்டத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

வழி காட்டியவர் ரோந்துக் காவலர். தெருமுனை வீட்டில் இருக்கும் பட்டா புத்தகத்தில் (ரோந்து வந்ததைப் பதியும் நோட்டு) அவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வந்தபோது கேட்டேன். "ரெண்டு மணிக்கு மேல வந்தா நல்லா எரியுதே சார்" என்றார். மறுநாள் காலை பதினோரு மணி வெயிலில் அண்ணாந்து பார்த்தால் எல்லா விளக்கும் எரிகின்றன! பழுதுபார்க்க வருபவர்கள் பகலில் வந்து, எரிவதைப் பார்த்துவிட்டுப் புகாரை மூடியிருக்கிறார்கள்.

அப்புறம் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு அழைத்து, விளக்கு எரியவில்லை என்று சொல்லாமல், "ராத்திரி ரெண்டு மணிக்கு எரிந்து மதியம் அணைகிறது, தெருவிளக்குப் பெட்டியில், நேரத்துக்கு விளக்கைப் போட்டு அணைக்கும் டைமரைப் பாருங்கள்" என்று சொன்னேன். பெட்டியைத் திறந்தால் உப்புக்காற்றில் டைமரின் பேட்டரி முனை துருப்பிடித்திருந்தது, மழையில் கரண்ட் போன நேரமெல்லாம் கடிகாரம் நின்று நின்று எட்டு மணி நேரம் பின்தங்கிவிட்டது. டைமரை மாற்றினார்கள், அன்று மாலையே ஆறரைக்கு வரிசை முழுவதும் எரிந்தது.