லிஸ்ட்டில் எத்தனை மதிப்பு வந்தாலும் குவெரியில் வடிகட்டுவது எப்படி?

பயனர் திரையில் சில வகைகளை டிக் செய்கிறார். ஒருவர் இரண்டு, இன்னொருவர் ஒன்பது. அந்த வகைப் புத்தகங்கள் மட்டும் வர வேண்டும். தரவுத்தளத்திடம் கேள்வி (குவெரி) கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் இதற்கு "இன்" இருக்கிறது (நிரல் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்):

செலக்ட் * ஃப்ரம் புத்தகம் வேர் வகை_எண் இன் (3, 7, 12)

எண்கள் முன்பே தெரிந்தால் இவ்வளவுதான். தெரியாதபோது நான் முதலில் செய்தது, இன் (?) என்று எழுதி (கேள்விக்குறி, பிறகு மதிப்பு வந்து நிரம்பும் இடம்) "3,7,12" என்ற ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, அனுப்பியது. நான் பயன்படுத்திய தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் வகை 3 புத்தகங்கள் மட்டுமே வந்தன. காரணம், ஒரு கேள்விக்குறிக்கு ஒரே மதிப்புதான். முழு ஸ்ட்ரிங்கையும் எண்ணாக மாற்றப் பார்த்து, முதல் காற்புள்ளியிலேயே நின்றுவிடுகிறது. இதே இடத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் பிழை காட்டும். அதுவே நமக்கு நல்லது.

ஆகவே மதிப்புகள் எத்தனையோ, கேள்விக்குறிகளும் அத்தனை வேண்டும்.

1. லிஸ்ட் காலியா என்று முதலில் பாருங்கள். இன் () என்று போனால் மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் சின்டாக்ஸ் எரர். காலி என்றால் குவெரியை ஓட்டவே வேண்டாம்.

2. குறிகளை உருவாக்குங்கள். பைத்தான் மொழியும் எஸ்கியூலைட் தரவுத்தளமும் என்றால்:

குறிகள் = ",".ஜாயின்("?" * லென்(வகைகள்))

மூன்று மதிப்புக்கு ?,?,? கிடைக்கும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸுடன் பைத்தானை இணைக்கும் டிரைவர்களில் பெரும்பாலும் ?-க்குப் பதில் சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் சேர்ந்த ஈரெழுத்துக் குறி. அதைச் சதுர அடைப்புக்குள் லிஸ்ட்டாக வைத்துப் பெருக்குங்கள். இல்லாவிட்டால் ஜாயின் அதை எழுத்தெழுத்தாகப் பிரித்துவிடும்.

3. இணைத்து ஓட்டுங்கள்:

குவெரி = "செலக்ட் * ஃப்ரம் புத்தகம் வேர் வகை_எண் இன் (" + குறிகள் + ")"
கர்சர்.எக்ஸிகியூட்(குவெரி, வகைகள்)

குவெரியில் ஒட்டியது நாமே உருவாக்கிய கேள்விக்குறிகளை மட்டும்தான். பயனர் தந்த மதிப்பு தனி வழியில் போகிறது. இதை மட்டும் எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள்; மதிப்பையே ஒட்டினால் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்குக் (உள்ளீட்டில் எஸ்கியூஎல் கட்டளையை நுழைக்கும் தாக்குதல்) கதவைத் திறந்துவிட்டதாகும்.

லிஸ்ட் நீண்டால் வரம்பு உண்டு. எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் 2100 பாராமீட்டர்கள் (இப்படித் தனியாக அனுப்பும் மதிப்புகள்), எஸ்கியூலைட்டில் 3.32 பதிப்புக்கு முன் 999, பிறகு 32766. அதைத் தாண்டினால் மதிப்புகளைத் தற்காலிக டேபிளில் போட்டு, புத்தகம் டேபிளோடு எஸ்கியூஎல்லின் ஜாயின் மூலம் இணையுங்கள்.

இந்த வகைகள் வேண்டாம் என்று "நாட் இன்" எழுதும்போது லிஸ்ட்டில் ஒரே ஒரு "நல்" (மதிப்பு இல்லை என்பதைக் காட்டும் குறி) இருந்தாலும் ஒரு வரிசைகூட வராது. அனுப்புமுன் நல்களை நீக்கிவிடுங்கள்.